வைரம், முத்து, பச்சைக்கல் எல்லாத்தையும் ஒரே சோப்புத்தண்ணில போடலாமா?

மழைக்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். தினமும் போடுற வைர மோதிரம் ஒண்ணு, இப்பல்லாம் கண்ணாடிக்கல்லு மாதிரி மங்கலா இருக்கு. கூடவே அம்மா குடுத்த முத்துமாலை, பச்சைக்கல் தோடு, கறுத்துப்போன வெள்ளி செயின். டூத்பேஸ்ட் வச்சு தேய்ச்சா பளிச்னு ஆயிடும்னு ஒரு வீடியோ சொல்லுது, இன்னொண்ணுல வினிகரை ஊத்துறாங்க. நான் ஒரு கிண்ணத்துல சோப்புத்தண்ணி கலக்கி எல்லாத்தையும் ஒண்ணா ஊறப்போட்டுடலாம்னு இருக்கேன், ஓகேவா? கடைக்குத் தூக்கிட்டுப் போக சோம்பேறித்தனம், உண்மையச் சொல்லிடுறேன்.

கல்லுப்பைத்தியம்:
ஐயோ ஒண்ணா போட்டுடாதீங்க. தங்கம் தாங்கிடும், கல்லு தாங்குமான்னு பாத்துட்டுதான் தண்ணியவே தொடணும்.

மோதிரத்துக்கு சோப்புத்தண்ணி சரி. வைரத்துல எண்ணெய்ப்பசை சட்டுனு ஒட்டிக்கும், கைக்குப் போடுற க்ரீம், சோப்பு எல்லாம் கல்லுக்கு அடியில போய் உக்காந்துக்கும். மோதிரத்தைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி ஓட்டையில சாம்பல் கலர்ல ஒரு படலம் இருக்கும், மேல எவ்ளோ துடைச்சாலும் மினுங்காததுக்கு அதுதான் காரணம். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு 20, 30 நிமிஷம் ஊறவச்சு, குழந்தைங்களோட சாஃப்ட் பிரஷ்ஷால பின்பக்கமா தேய்ங்க. அலசுறதும் கிண்ணத்துலயே அலசுங்க, சிங்க்ல வேண்டாம், நழுவுச்சுன்னா அவ்ளோதான்.

டூத்பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பல்லுல கறை போகணும்னே அதுல பொடி போட்டிருப்பாங்க. கீறல் எவ்ளோ தாங்கும்னு 1லேந்து 10 வரைக்கும் அளக்குற மோஸ் கடினத்துல வைரம் 10, அதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா சுத்தத் தங்கம் 2.5, 3 அவ்ளோதான், கலப்பு சேத்த நகை கொஞ்சம் கெட்டின்னாலும் பொடிப்பொடியா கீறல் விழும்.

முத்து கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட், வினிகர் பட்டா மேல்பளபளப்பு அரிச்சுடும், போனா போனதுதான். லேசா ஈரமான துணியால ஒவ்வொரு முத்தா துடைச்சு, அப்படியே படுக்கவச்சு காயவிடுங்க. நூல் ஈரமா இருக்கறப்ப தொங்கவிட்டா நீண்டுடும், அப்புறம் முத்துக்கு நடுவுல நூல் பல்லைக் காட்டும். சென்ட்டு ஸ்ப்ரே எல்லாம் அடிச்சு முடிச்சுட்டு கடைசியா போடுங்க, கழட்டும்போது முதல்ல கழட்டுங்க.

பட்டுத்தெளிஞ்சவன்:
பச்சைக்கல்லுக்கு நான் வரேன், ஏன்னா நான் கெடுத்து வச்சிருக்கேன். ஆன்லைன்ல குட்டி அல்ட்ராசோனிக் மெஷின் (ஒலி அதிர்வால தண்ணியக் குலுக்கி நகைய சுத்தம் பண்றது) ஒண்ணு வாங்கி, ஆர்வக்கோளாறுல வீட்டம்மாவோட மரகத மோதிரத்தை உள்ள போட்டு பட்டனை அமுக்கிட்டேன். வெளிய எடுத்தா கல்லு வெளுத்துப்போய், உள்ள வேர் மாதிரி வெள்ளைக் கோடு கோடா தெரியுது. ஒடைச்சுட்டேன்னே நெனச்சேன். அப்புறம்தான் கல்லு பாக்குறவர் ஒருத்தர் சொன்னாரு, மரகதத்துல இயற்கையாவே விரிசல் இருக்குமாம், அது தெரியாம இருக்க எண்ணெய் ஏத்தித்தான் விப்பாங்களாம், நான் அந்த எண்ணெயை வெளிய எடுத்துட்டேன். திரும்ப எண்ணெய் ஏத்திக் குடுத்தாரு, ஆனா வீட்ல இன்னும் பேச்சு வாங்கிட்டிருக்கேன். அதனால சுடுதண்ணி, நீராவி, மெஷின், ஊறவைக்கிறது எதுவும் வேண்டாம், ஈரத்துணியால துடைச்சா போதும். ஓப்பல், டர்க்காய்ஸும் இதே கேஸ்தான்.

அரைடம்ளர்:
வெள்ளிக்கு மட்டும் என் வழி. கிண்ணத்துல அலுமினிய ஃபாயிலை விரிச்சு, செயின் ஃபாயில் மேல படுற மாதிரி வச்சு, ஒரு ஸ்பூன் பேக்கிங் சோடா போட்டு கொதிக்கிற தண்ணிய ஊத்துங்க. அழுகின முட்டை நாத்தம் லேசா வரும், பயப்படாதீங்க, கறுப்பா இருக்கறது வெள்ளியும் கந்தகமும் சேந்தது, அந்தக் கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்குது, வெள்ளி தேயாது. கல்லு வச்சது, வேணும்னே கறுப்பு ஏத்தின டிசைன் எல்லாம் இதுல போட்டுடாதீங்க. அப்புறம் பாத்ரூம் ப்ளீச் யூஸ் பண்றப்ப மோதிரத்தைக் கழட்டிடுங்க, பத்தவச்ச எடத்துலயும் கல்லைப் புடிச்சிருக்கற கொக்கிலயும் குளோரின் அரிக்கும்.

மழைக்காகம்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். வெள்ளி சூப்பரா வந்துடுச்சு, முத்தையும் தோட்டையும் துடைச்சு வச்சாச்சு. மோதிரத்துலேந்து வந்த தண்ணியப் பாத்து எனக்கே அருவருப்பா இருந்துச்சு, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி. இப்ப செமையா மினுங்குது, ஆனா காதுகிட்ட வச்சு ஆட்டினா டிக் டிக்னு ஒரு சத்தம், முன்னாடி இல்ல. நான் தேய்ச்சதுல எதுனா ஆயிடுச்சா?

கல்லுப்பைத்தியம்:
நீங்க ஒண்ணும் பண்ணல, கொக்கி எப்பவோ தளர்ந்திருக்கு, இவ்ளோ நாளா அழுக்குதான் கல்லைப் புடிச்சு வச்சிருந்திருக்கு. இனிமே அதைப் போடாதீங்க, சின்ன ஜிப் கவர்ல போட்டு மூடி வைங்க, கல்லு கழண்டாலும் கவர்லயே கெடக்கும். சோம்பேறித்தனம் பாக்காம அந்தக் கவரோடயே கடைக்குக் கெளம்புங்க, கொக்கிய இறுக்கிக் குடுப்பாங்க.