ஸ்டென்ட் வைத்த பிறகு தாம்பத்தியம்: பயம் போகவில்லை

கேள்வி:
கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறது. தினமும் நடக்கிறார், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் நெருங்கி வரவே பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்:
எனக்கும் ஸ்டென்ட் உண்டு சகோதரி. இரண்டு மாடிப் படிகளை வேகமாக ஏறியும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வரவில்லையென்றால் பெரும்பாலும் இதயம் தாங்கும். பிரஷர் கட்டுக்குள் இருப்பவருக்கு உறவின்போது நாடித்துடிப்பு 130-ஐயும், மேல் அழுத்தம் 170-ஐயும் தாண்டுவது அரிது. அதுவும் கொஞ்ச நேரம்தான். நடைப்பயிற்சியை மட்டும் விடவே வேண்டாம். பழகிய இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்துவிடும்.

இன்னொருவர்:
நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கேட்டவர்:
அந்த நைட்ரேட் மாத்திரை அவர் பையிலேயே இருக்கிறது! சரி, அடுத்த செக்கப்பில் நானே கேட்கிறேன்.