நெடுந்தீவில் போய்க் குடியேறலாமா?

பனங்கூடல்:
அப்பாவின் வளவு யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவில் பற்றையேறிக் கிடக்கிறது. கொழும்பில் 30 வருடம் கணக்காளராக இருந்து அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். அங்கே சிறு வீடொன்று கட்டி, நாலு ஆடும் கொஞ்சம் பனையுமாக மிச்சக் காலத்தைக் கழிக்க நானும் மனைவியும் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டோம். பிள்ளைகளோ வேண்டாம் என்கிறார்கள். தீவை அறிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடலோடி:
பிள்ளைகள் சொல்வதே சரி, ஐயா. குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து தீவுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம்; காற்றுக் கிளம்பினால் அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளாகவும் மாறும். 2019 கார்த்திகையில் இரவு பதினொரு மணிக்கு மாமிக்கு நெஞ்சு நோவு வந்தது. தீவு வைத்தியசாலையில் செய்யக்கூடியதைச் செய்து, யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். படகும் ஓட்டியும் ஆயத்தமாக இருந்தும், வாடைக்காற்றில் கடல் விடவில்லை. மாமியைப் பலகையில் கிடத்தி, மழை படாமல் நாலு பேர் படங்கு பிடித்தபடி, விடியும்வரை துறையில் நின்றோம். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த இரவை இன்னொருவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கல்வேலி:
நான் அங்கே ஆறு வருடம் படிப்பித்தவள். கடலோடி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் படங்கு பிடிக்க நடு இரவில் நாலு பேர் வந்தார்கள் என்பதையும் அவர்தான் எழுதியிருக்கிறார். கொழும்பில் அடுத்த வீட்டுக்காரரின் பெயர் ஐயாவுக்குத் தெரியுமா?

தீவில் கிணறுகளில் பெரும்பாலானவை உவர். நான் போன முதல் கிழமை, வாங்கி வைத்த நன்னீரில் உடுப்புத் தோய்த்தேன். அடுத்த வளவு ஆச்சி தன் கிணற்றிலிருந்து ஒரு வாளி உவர்நீர் கொண்டுவந்து முன்னே வைத்து, "குடிக்கிற தண்ணியிலேயா பிள்ளை தோய்க்கிறாய்?" என்றார். கோடையில் அங்குள்ள குதிரைகள் தண்ணீரின்றிச் சாவதைப் பார்த்தவரின் கேள்வி அது. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய என் வேலி மாரியில் சரிந்தபோது, எந்தக் கல் எதன்மேல் இருக்க வேண்டும் என்று கூட நின்று காட்டியவரும் அந்த ஆச்சிதான்.

கடலோடி:
ஆசிரியை அவர்களே, ஆறு வருடத்தில் உங்களுக்கு மாற்றல் கிடைத்தது. ஐயாவோ மாற்றல் கேட்க முடியாத வயதில் போகிறார். தீவின் மீதுள்ள வெறுப்பில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1985 மே 15 அன்று தீவுக்கு ஓடிய குமுதினிப் பயணிகள் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பிறகுதான் எங்கள் வீட்டார் அங்கிருந்து வெளியேறினார்கள்; இன்றும் அந்தத் துறையில் கால் வைக்கும்போது எனக்குப் பேச்சு வராது. மின்சாரம் காலங்காலமாக டீசல் இயந்திரத்தில்தான் ஓடிவந்தது; சூரிய ஒளியும் காற்றும் கலந்த திட்டத்துக்கு 2024 இல்தான் இந்திய உதவியுடன் ஒப்பந்தம் ஆனது. இளையவர்கள் போய்க்கொண்டே இருக்கும் ஊரில், பத்து வருடத்தின் பின் அந்தப் படங்கை யார் பிடிப்பது?

கல்வேலி:
அம்மாவுக்குக் கிழமையில் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டதால் நானே மாற்றல் கேட்டேன். அந்த இடத்தில் உங்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் எல்லோரும் இந்தக் கணக்கைப் பார்த்தால் அந்த ஆச்சிக்குப் படங்கு பிடிக்க யார் இருப்பார்கள்? ஐயா போவதானால், வீட்டைக் கட்டுவதற்கு முதலே மழைநீர்த் தொட்டியைக் கட்டட்டும். மாலையில் கடைசிப் படகு போன பின் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பழகிக்கொள்ளட்டும்.

பனங்கூடல்:
இருவருக்கும் நன்றி. என் மனைவிக்கு இரத்த அழுத்தம் உண்டு என்பதை முதலில் எழுதாதது என் பிழை. வீட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, கார்த்திகை முதல் தை வரை, அந்த வாடைக்காலம் முழுவதும், அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கப் போகிறோம். வைத்தியசாலைக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அறை கிடைக்குமா என்று யாராவது விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.