முத்திரையில்லாத குழலை நம்பலாமா?

மலிவான இறக்குமதி மாதிரித் துவக்குகளைப் பார்ப்பவர்கள் முதலில் மரப்பிடியின் மெருகையும் பித்தளைப் பூணையும்தான் கவனிக்கிறார்கள். குழல்வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் துவக்கில் உயிரைக் காப்பது குழலும், அதன் பின்முனையை அடைக்கும் மரைத்திருகும்தான். விலை குறையும்போது பெரும்பாலும் கைவிடப்படுவது இவ்விரண்டின் சோதனையே.

தேயிலைத் தொழிற்சாலைகளில் ஃபிட்டராக இருந்து, பின்னர் ஹட்டனில் லேத் பட்டறை நடத்திவரும் எனக்கு இந்த அனுபவம் ஒரு பழைய துரை பங்களாவினால் வாய்த்தது. பங்களாவை விடுதியாக மாற்றியவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் படைத் துவக்கைப் போல இந்தியாவில் செய்யப்பட்ட ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கி, சுவரில் மாட்டியிருந்தார்கள். இத்தகைய துவக்குகள் பல, பற்றுத்துளை, அதாவது வெளிப்பொறி குழலுக்குள் மருந்தைத் தொடும் சிறு துளை, போடப்படாமல் அலங்காரப் பொருளாகவே அனுப்பப்படுகின்றன. "அண்ணே, இந்தச் சின்னத் துளையை மட்டும் போட்டுக் கொடுங்க, விருந்தாளிகள் வரும்போது வெறும் மருந்து வைத்து ஒரு வெடி போடணும்" என்று விடுதி மேலாளர் கேட்டார். "தம்பி, முதலில் உள்ளே பார்ப்போம்" என்று சொல்லிச் சிறு விளக்கு ஒன்றைக் குழலுக்குள் இறக்கினேன்.

உள்ளே, மரை வெட்டிய பகுதி முடியும் இடத்துக்கும் அடைப்புத் திருகின் முகத்துக்கும் இடையே ஒரு வளையம் போல இடைவெளி இருந்தது. திருகு முழு ஆழத்துக்கு இறங்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. கறுப்பு மருந்தின் கரி இத்தகைய இடுக்கில்தான் தங்கும். அது ஈரத்தை இழுக்கும், மரை அரிக்கும், திருகைப் பிடித்திருக்கும் பலம் வெளியே தெரியாமலே குறையும். நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் இரும்பு எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதை நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்முனை பிடுங்கிக்கொண்டால் அது பாய்வது சுடுபவரின் முகத்தை நோக்கி.

அடுத்து, சக்கிமுக்கிக் கல் உரசும் எஃகுத் தகட்டின் ஓரத்தில் அரத்தை வைத்தேன். நன்கு கடினமாக்கப்பட்ட எஃகில் அரம் வழுக்கும். இதில் அது கடித்து இறங்கி, பளபளவென்று துகளைக் கொட்டியது. அப்படிப்பட்ட தகடு பொறியே தராது, ஆனால் அதைத் திரும்பக் கரியேற்றிக் கடினமாக்கிவிடலாம். பொறி வராததால் விருந்தாளிக்கு ஏமாற்றம் மட்டுமே. குழலின் குறை அப்படிச் சரிசெய்யக்கூடியதல்ல.

பிரித்தானியாவில் 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் வெடியைத் தாங்கி முத்திரை பெறாத துவக்கை விற்பது குற்றம். பர்மிங்காம் சாலை 1813 முதல் இயங்கிவருகிறது. இந்தியத் துவக்குகளிலும் அங்கே சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றவை உண்டு. ஆகவே செய்த நாட்டை வைத்து எல்லாவற்றையும் ஒதுக்குவது நியாயமல்ல. நான் பார்த்ததன் குழலில், பின்முனையைச் சுற்றி எந்த முத்திரையும் இல்லை.

துளை போட மறுத்துவிட்டேன். மேலாளர் மனம் வருந்தினார், வெறும் மருந்துக்குக் குண்டில்லையே என்றும் வாதாடினார். குண்டு இல்லாவிட்டாலும் அழுத்தம் உண்டு, அளவு கூடிய மருந்தும் தக்கையும் சேர்ந்தால் அது ஏறும் என்று விளக்கினேன். தவிர, துளை விழுந்தால் அலங்காரப் பொருள் என்ற சாக்கும் போய்விடும். இலங்கையின் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம் என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

நல்ல குழலைக்கூட மனிதர் கெடுத்துவிடலாம். இடிகோலால் குண்டு மருந்தின் மேல் முழுமையாக இறங்காமல் நடுவில் இடைவெளி விட்டால், குழல் அவ்விடத்தில் வீங்கும் அல்லது வெடிக்கும். இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை இதற்குள் இடுவது, முத்திரையுள்ள துவக்கிலும்கூட, தற்கொலைக்குச் சமம். இப்போது அந்தத் துவக்கு பற்றுத்துளை இல்லாமலேயே விடுதிச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. விருந்தாளிகளை வரவேற்க மேலாளர் தப்பு மேளக் குழு ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டார்.