ஸ்ட்ராட்ஃபோர்டு சந்தையில் உள்ள 'அமெரிக்க நீரூற்று': நீரூற்றா, மணிக்கூண்டா?

பயணப்பித்தன்:
அடுத்த மாதம் ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் போகிறோம். ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு, அவரைப் புதைத்த தேவாலயம் என்று எல்லாரும் பார்ப்பதைத்தான் நாங்களும் பார்க்கப் போகிறோம். ஆனால் படங்களைப் புரட்டும்போது ரோதர் மார்க்கெட் என்ற சந்தைத் திடலில் கூர் கூராக ஒரு கல் கோபுரம், அதில் கடிகாரம், பெயர் என்னவென்றால் 'அமெரிக்க நீரூற்று'. பீய்ச்சியடிக்கிற தண்ணீரைக் காணோம். அந்த ஊர்ச் சந்தையில் அமெரிக்காவுக்கு என்ன வேலை? மெனக்கெட்டுப் போகலாமா?

பழைய ஏடு:
பீய்ச்சியடிக்கிற ரகமே இல்லை அது. மேலே மணிக்கூண்டு, கீழே மனிதர்களுக்குக் குடிதண்ணீர், குதிரைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் தொட்டிகள். அங்கே கூடியது மாட்டுச் சந்தை, நடந்தே வந்த கால்நடைகளுக்கு முதலில் தேவைப்பட்டது தண்ணீர்தான். கொடுத்தவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 'பப்ளிக் லெட்ஜர்' நாளிதழை நடத்திய ஜார்ஜ் டபிள்யூ. சைல்ட்ஸ். 1887-இல் விக்டோரியா ராணி பட்டமேறி ஐம்பது ஆண்டு, ராணிக்கும் ஆயிற்று ஷேக்ஸ்பியருக்கும் ஆயிற்று என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று திறந்துவைத்தவர் லண்டன் மேடையைக் கட்டி ஆண்ட நடிகர் ஹென்றி இர்விங். கல்லில் வாஷிங்டன் இர்விங் எழுதிய வரி ஒன்றும் இருக்கும், அவர் அமெரிக்க எழுத்தாளர், இரண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் சிங்கமும் அமெரிக்காவின் கழுகும் மாறி மாறிச் செதுக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள்.

கல்லும்சொல்லும்:
அந்தக் காலத்தில் ஊருக்கு நல்லது செய்ய நினைத்த பணக்காரர்கள் தண்ணீரைத் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1854-இல் லண்டன் சோஹோவில் காலரா கொத்துக் கொத்தாக ஆட்களை வாரிக்கொண்டு போனபோது, பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ காட்டினார். 1859-இல் சாமுவேல் கர்னி லண்டனில் இலவசக் குடிநீர் ஊற்றுகள் வைக்கவே ஒரு சங்கம் தொடங்கினார், அப்புறம் அந்தச் சங்கமே கால்நடைத் தொட்டிகளையும் கட்டியது. மது ஒழிப்புக்காரர்களும் இதற்கு ஆதரவு, தாகம் எடுத்தவன் மதுக்கடைக்குள் நுழையாமல் இருப்பானே!

ஸ்ட்ராட்ஃபோர்டு கல்லில் வெட்டியிருக்கும் ஷேக்ஸ்பியர் வரியை இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். 'டைமன் ஆஃப் ஏதென்ஸ்' நாடகத்தில் வருவது: யாரையும் சேற்றில் தள்ளாத நேர்மையான தண்ணீர் என்று. மற்றவர்கள் விருந்தில் திராட்சை மது குடித்துக்கொண்டிருக்க, அப்பெமாண்டஸ் என்ற சிடுமூஞ்சி தன் தண்ணீரைப் பற்றிச் சொல்வது அது. வேடிக்கை என்னவென்றால், 1879-இல் அதே ஊரில் ஷேக்ஸ்பியர் நினைவு அரங்கம் எழ நிலம் கொடுத்த சார்லஸ் ஃப்ளவர் பீர் காய்ச்சும் ஆலைக் குடும்பத்துக்காரர். நாடகத்துக்கு பீர்ப் பணம், சந்தைக்குப் பத்திரிகைப் பணத்தில் தண்ணீர்!

பயணப்பித்தன்:
இவ்வளவு இருக்கிறதா! சரி, ரயிலில்தான் வருகிறோம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?

பழைய ஏடு:
வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து ஆல்ஸ்டர் சாலையில் ஊருக்குள் நடந்தால் அதுவே கிரீன்ஹில் தெரு ஆகும், அது முடிகிற இடத்தில் நீரூற்றுதான். ஹென்லி தெருவில் இருக்கும் பிறந்த வீடும் அங்கிருந்து பக்கம்தான். கோபுரம் முழுசாகப் படத்தில் விழ வேண்டுமென்றால் சாலையைத் தாண்டி நின்று எடுங்கள். எழுத்துகள் ஒரே பக்கத்தில் இல்லை, சுற்றி வந்து படியுங்கள்.