மறு: போக்கர் ‘வேரியன்ஸ்’: அதிர்ஷ்டம் என்று எழுதினால் போதாதா?

அண்ணாச்சி, வணக்கம். போக்கர் சீட்டாட்டத்தில் சொல்கிற ‘வேரியன்ஸ்’ என்பதற்கு நம் சொற்பதிவில் தனித் தமிழ்ச்சொல் வைக்கலாம் என்றேன். அதற்கு நீங்கள் கேட்டது:

> தனிச்சொல் எதுக்கு? அதிர்ஷ்டம்னே எழுதலாமே. பாடநூலில் ‘விலக்க வர்க்கச் சராசரி’யும் இருக்கு.

இரண்டுமே சரிப்படாது என்பது என் கட்சி. விலக்க வர்க்கச் சராசரி கணக்குப் பரீட்சைக்குச் சரி. சீட்டு மேசையில் வேரியன்ஸ் என்பவன் வர்க்கத்தையா நினைக்கிறான்? ஒழுங்காக ஆடியும் கை காலியாகிற ராத்திரியை அல்லவா சொல்கிறான். அதிர்ஷ்டமோ ஆளோடு ஒட்டிக்கொள்கிற சொல், ‘அவனுக்குக் கைராசி’ என்கிற மாதிரி. வேரியன்ஸ் ஆட்டத்தின் குணம்; ஆளின் ராசியைப் பொறுத்ததல்ல.

போன மழைக்குக் குலசேகரத்தில் மச்சான் வீட்டில் இருந்தேன். ரப்பர் பால்வெட்டு இல்லை, பொழுது போகவில்லை. புளியமுத்தைப் பந்தயமாக எண்ணிவைத்து ஹோல்டம் ஆடினோம்; ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் விழும் போக்கர் வகை. மச்சானிடம் இரண்டு ஏஸ், எதிரே இரண்டு ராஜா. மச்சான் மொத்த முத்தையும் நடுவில் தள்ளினார். கடைசிச் சீட்டாக மூன்றாவது ராஜா வந்து விழுந்தது. “நமக்கு ராசி கெடையாதுடே” என்று எழுந்துபோய்விட்டார். இதே நிலை 100 தரம் வந்தால் ஏஸ் ஏறத்தாழ 82 தரம் ஜெயிக்கும். மச்சான் மாட்டியது மிச்சம் 18-ல். அவர் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. கையில் இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒருதரம். மணிக்கு 30 கை, நாலு மணி நேரம் என்று வைத்தால் ஒரு ராத்திரிக்கு 120. மாதம் ஒருநாள் உட்காருகிறவருக்கு வருடம் முழுக்க ஆறேழு தரம் வந்தால் உண்டு. இதை வைத்து யாருடைய ராசியை, யாருடைய திறமையை அளக்க? ஆடும் கைகள் 100 மடங்கானால் திறமையால் வரும் லாபமும் 100 மடங்காகும். சிதறல் 10 மடங்குதான் ஆகும், வர்க்கமூலக் கணக்கு. பொழுதுபோக்குக்கு ஆடும் நாம் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே போவதில்லை.

நம்மூர் இருபத்தெட்டுச் சீட்டாட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு. 32 சீட்டும் நாலு பேர் கைக்கு வந்துவிடும். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று; விழுந்ததை எண்ணிவந்தால் மிச்சம் யாரிடம் என்று பாதி ஆட்டத்திலேயே பிடிபடும். ஹோல்டத்தில் முக்கால்வாசிச் சீட்டு கட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். ‘ஊழலைவு’ என்று ஒன்று யோசித்தேன். 371-ஆம் குறளில் ஆகூழ், போகூழ் இரண்டும் சோடியாக வருவதால் ஆசை. ஆனால் ஊழ் முன்பே எழுதிவைத்தது. கலைத்த கட்டுக்கோ போன ஆட்டமே நினைவிராது. போதாததற்கு, வாசிக்கிறவர் ‘ஊழல்’ என்றுதான் வாசிப்பார். குளச்சல் நண்பரின் ‘ஏற்றவற்றம்’ அழகான சொல், ஆனால் கடல் நேரம் பார்த்து ஏறும், நேரம் பார்த்து வற்றும்.

தோவாளையில் பூ வரத்து, பேச்சிப்பாறையில் நீர்வரத்து, மேசையில் ‘இன்னைக்கு சீட்டு வரத்தே இல்ல’. ஆகவே ‘வரத்துச் சிதறல்’. சிதறல் பாடநூலிலேயே உள்ள சொல்.

நாகர்கோவிலிலிருந்து

---

தம்பி,

சிதறல் சரி. வரத்துதான் உதைக்குது. உன் மச்சானுக்கு என்ன வரத்துக் குறைச்சல்? ரெண்டு ஏஸ் வந்துதே! நல்ல சீட்டு வந்தும் தோத்தவருக்கு வரத்துச் சிதறல்னு சொன்னா ஒத்துக்குவாரா? சிதறினது சீட்டு இல்ல, கடைசியில் கைக்கு வந்த முத்து.

அதிர்ஷ்டம் வேண்டாம்ங்கதையும் ஏத்துக்கிடுதேன், அதுக்கு ‘வாய்ப்பு’ போதும். 2022-ல் நம்ம மாநில ஆன்லைன் சூதாட்டச் சட்டம் போக்கரையும் ரம்மியையும் வாய்ப்பு ஆட்டம்னு பட்டியல்ல வச்சது, அடுத்த வருசமே சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரெண்டையும் பட்டியல்லேருந்து எடுத்துச்சு. வழக்குல புழங்குத சொல்லையே நாமும் வச்சா குழப்பம் இல்ல.

தோத்த கோவத்துல கண்ணை மூடிட்டு ஆடுதானே, டில்ட்டுங்கான், அதுக்கு என்ன வச்சிருக்க? எங்கயும் தேடாண்டாம். நம்ம ‘வெப்பிராளம்’ இருக்கு.

தக்கலை

---

அண்ணாச்சி,

மச்சானை வைத்தே மடக்கிவிட்டீர்கள். ‘வரவுச் சிதறல்’ என்று மாற்றிக்கொள்கிறேன். செலவும் வரவில் அடங்குமா என்று யாராவது கேட்பார்கள். கழித்தல் குறி போட்ட வரவு என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவுக்கான வரி:

‘வரவுச் சிதறல்: ஒரே திறமையோடு ஆடியும் ஆட்டத்துக்கு ஆட்டம் லாபநட்டம் சராசரியிலிருந்து விலகி நிற்பது. சிதறல் கூடிய ஆட்டத்துக்குக் கையிருப்பும் கூடுதல் வேண்டும்.’

வெப்பிராளத்துக்கு என் ஓட்டு உண்டு. அன்றைக்கு எழுந்துபோன மச்சான் பத்து நிமிடத்தில் திரும்பிவந்து, சீட்டைப் பார்க்காமலே முத்தை அள்ளி அள்ளி வைத்தார். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அவரைச் சேர்க்கவில்லை; அடுத்த மழைக்கும் அங்கேதான் போகவேண்டும்.