ரெண்டு மாடல், ஒரே கிராஃப்: மீன் வரத்து பேண்டு பாத்த அனுபவம்

மண்டபம், பாம்பன் பக்கம் போட் வச்சிருக்கவங்களுக்கு மீன் வரத்து எவ்வளவு இருக்கும்னு மாசாமாசம் முன்கூட்டியே கணக்கு போட்டுக் குடுக்குறேன். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு ஜூன்ல போட் எறக்கும்போது ஐஸ், டீசல் எல்லாமே கடன்லதான் ஏறும், எவ்வளவு எடுக்கணும்னு ஓரளவு முன்னாடியே தெரிஞ்சா அந்தக் கடன்ல கொஞ்சமாச்சும் கொறையும். எனக்கு இது வெறும் கிராஃப் இல்ல.

போட் வச்சிருக்கற ஒரு சம்மாட்டி அண்ணன் வெளியூர் கம்பெனி ஒண்ணு போட்டுக் குடுத்த படத்த போன்ல காட்டுனாரு. அரிமா, ப்ராஃபெட் ரெண்டும் பழைய கணக்க வச்சு வரப்போறத கணிக்கிற மாடலுங்க, எதுலேர்ந்து எது வரைக்கும் வரலாம்னு அதுங்க காட்டுற பட்டைதான் பேண்டு. அரிமா பேண்டு செவப்பு, ப்ராஃபெட் பேண்டு நீலம், ரெண்டையும் பாதி தெரியிற கலர்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருந்தாங்க. சேர்ற எடம் மட்டும் நல்ல அழுத்தமா கத்திரிப்பூ கலர்ல இருந்துச்சு. அண்ணன் சரியா அதுமேல வெரல வச்சு, "தம்பி, இங்கதான கண்டிப்பா வரும், ரெண்டுமே சொல்லுதுல்ல"ன்னாரு.

யார் பாத்தாலும் அப்படித்தான் தோணும். ஆனா அந்த எடம் அழுத்தமா தெரியிறது கலர் மேல கலர் விழுந்ததாலதான். ரெண்டு மாடலுக்கும் குடுத்தது ஒரே வரத்துக் கணக்கு, அதனால ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அத ரெண்டு தனித்தனி சாட்சின்னு எடுத்துக்க முடியாது.

அந்தக் கம்பெனி எழுதுன புரோகிராம கேட்டு வாங்கிப் பாத்தப்போதான் பெரிய சிக்கல் தெரிஞ்சது. ப்ராஃபெட்ல நாம ஒண்ணும் மாத்தலன்னா 80 சதவீத பேண்டு வரும், அதாவது நூத்துக்கு எண்பது தடவ நெசமான வரத்து உள்ள நிக்கும்ங்கிற அளவு. ஸ்டேட்ஸ்மாடல்ஸ்ங்கிற பைத்தான் லைப்ரரில அரிமா போட்டா 95 சதவீதம். ரெண்டையும் அப்படியே வரைஞ்சுட்டு "நீலம் ஒடுக்கமா இருக்கு, அதனால அதான் துல்லியம்"னு கீழ எழுதி வேற வச்சிருந்தாங்க! ஒடுக்கமா இருக்குறதுக்கு பாதி காரணமே அந்த 80தான். அதுபோக ப்ராஃபெட் சும்மா ஓட்டுனா டிரெண்டு மாறுறதையும் சில்லறை ஏத்த எறக்கத்தையும் மட்டும்தான் பேண்டுல சேக்கும், சீசன்ல இருக்குற சந்தேகம் வேணும்னா எம்சிஎம்சிங்கிற சாம்பிள் எடுக்குற முறைய தனியா ஓட்டணும். நம்ம கடல்ல சீசன்தானே எல்லாமே.

அப்புறம் தடைக்காலம். 2017லதான் 45 நாள் 61 நாளாச்சு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும். அதுக்கு முன்னாடி ஜூன் முழுசா தொழில் நடந்த மாசம், அப்புறம் பாதி மாசம், 2020ல கொரோனாவால மே 31லயே முடிச்சதால மறுபடி முழு மாசம். இது மாடலுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேண்டுமே ஜூன்ல வாயப் பொளந்துட்டு நின்னுச்சு. மாசத்துல எத்தன நாள் தொழில் அனுமதிங்கிற கணக்கையும் மாடலுக்குச் சேத்துக் குடுத்ததும் ரெண்டுமே நல்லாவே சுருங்குச்சு.

நான் திருப்பி வரைஞ்சப்போ ரெண்டுக்கும் 80 சதவீதம்தான். ஒண்ணு லேசான சாம்பல், இன்னொண்ணுக்கு உள்ள கலரே இல்லாம ஓரத்துல புள்ளிக்கோடு மட்டும். கடைசி ரெண்டு வருசத்த மாடலுக்குக் காட்டாம வச்சிருந்து, நெசமா வந்த வரத்த கருப்புப் புள்ளியா மேல வச்சேன். 80 சதவீதம்னா பத்துக்கு எட்டு புள்ளியாவது உள்ள நிக்கணும்ல, அரிமா பேண்டுக்கு வெளிய நின்னதுங்க பத்துக்கு ரெண்டவிட அதிகம். அண்ணன் பாத்ததும் "அப்ப ஐஸ் எம்புட்டு சொல்ல?"ன்னு கேட்டாரு. கீழ் ஓரத்துக்கு உறுதியா சொல்லிருங்க, மேல் ஓரம் வரைக்கும் வேணும்னா கெடைக்குமான்னு ஐஸ் கம்பெனில பேசி வைங்கன்னேன். அப்படித்தான் பேசுனாரு.

—

மேல இருக்குற மீன் வரத்து கதைய படிச்சுட்டு வாலிநோக்கம் பக்கத்துலேர்ந்து எழுதுறேன், நமக்கு உப்பளம். ஐப்பசி மழை எப்ப புடிக்கும், எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் உப்ப வாரி மூடி வைக்க முடியும். எனக்கு வந்த மழை கணிப்புப் படத்துல பேண்டோட கீழ் ஓரம் சைபருக்கு கீழ போய் கெடந்துச்சு, மைனஸ்ல எங்கங்க மழை பெய்யும்? மழை அளவுக்கு லாக் (மடக்கை) எடுத்துப் போட்டா பெரும்பாலும் சரியாகும், ஆனா மழையே இல்லாத மாசம் சைபர்ங்கிறதால ஒண்ணு கூட்டிட்டுத்தான் லாக் எடுக்கணும். திருப்பி மில்லிமீட்டருக்கு மாத்துனா மேல் பக்கம் மட்டும் நீளமா எழும்பி பேண்டு ஒருச்சாஞ்சு நிக்கும், மழையும் அப்படித்தானே, இல்லாட்டி இல்ல, வந்தா கொட்டிரும். அத லாக் எடுக்காத மாடலோட ஒரே படத்துல போட்டா யாருக்கும் ஒண்ணும் வெளங்கல. மேலயும் கீழயுமா ரெண்டு படமா பிரிச்சு, அளவு மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணா வச்சதுக்கு அப்புறம் எங்க அத்தாவே பாத்து சொல்லிட்டாரு எது நம்ம மழைன்னு.