மரவள்ளி மாவுப் படலம் முதலில் நொறுங்கியது, இப்போது ஒட்டுகிறது: எங்கே பிழை?

கேள்வி: முதுகலை வேதியியல் மாணவி, சேலம்

வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக மரவள்ளி மாவிலிருந்து மட்கும் படலம் செய்து வருகிறேன். 100 மில்லி நீரில் 4 கிராம் மாவைக் கரைத்து, கிண்டிக்கொண்டே 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, கஞ்சி தெளிந்ததும் படலம் வளைந்துகொடுக்க 0.8 கிராம் கிளிசரால் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி 40 பாகையில் உலர்த்துகிறேன். முதல் நாள் நன்றாக வளைந்து கொடுத்த படலம், பன்னிரண்டாம் நாள் ஓரத்தை மடித்ததும் அப்பளம்போல் உடைந்தது. கிளிசராலை இரு மடங்காக்கினேன். மழை பெய்த வாரத்தில் அந்தப் படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போதே கிழிந்தன. ஒரே தொகுதியின் இழுவலிமை (இழுக்கும்போது அறுபடாமல் தாங்கும் வலிமை) அளவும் நாளுக்கு நாள் மாறுகிறது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பாலிமரைக் கலந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று துறையில் மூத்த மாணவர் ஒருவர் சொல்கிறார். அது சரியான வழிதானா?

மறுமொழி 1: உணவுப் பொதியல் ஆய்வகத்தில் பணிபுரிபவர்

உங்கள் செய்முறையில் பெரிய பிழை இல்லை. வேறு வேறு காரணங்களால் வரும் இரண்டு மாற்றங்களை ஒரே கோளாறாக எண்ணுகிறீர்கள்.

முதலில் நொறுங்குவதைப் பார்ப்போம். சூடேறும்போது மாவு மணிகள் ஊதிப் பெருத்து, அவற்றிலுள்ள அமைலோஸ் (மாவிலுள்ள இரு பாலிமர்களில் பெரும்பாலும் கிளையில்லாதது) சங்கிலிகள் வெளியே கசிகின்றன. ஆறிய பிறகு அந்தச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் மறுபடி நெருங்கி அடுக்காகின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இப்படிச் சேர்ந்துவிடும். மற்றொன்றான, கிளைத்த அமைலோபெக்டின் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லச் சேரும். உங்கள் பன்னிரண்டாம் நாள் முறிவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை நெருங்கவிடாமல் தடுப்பதுதான் கிளிசராலின் வேலை. மாவின் எடையில் 20 விழுக்காடு அதற்குப் போதவில்லை.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் நீர். கிளிசரால் மூலக்கூறில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால், காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அப்படி வந்த நீரும் கிளிசராலைப் போலவே படலத்தை நெகிழவைக்கும் ஒரு நெகிழியாக்கியே. வீட்டில் கூழ் வற்றல் உரிப்பதை நினைத்துப் பாருங்கள். வேட்டியில் காய்ந்து விறைத்த வற்றலை அப்படியே இழுத்தால் உடையும். துணியின் பின்பக்கம் நீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் உடையாமல் வரும். உங்கள் படலத்திலும் மழை வாரத்தில் இதுவேதான் நடந்தது, அளவு மீறி.

ஆகவே கிளிசராலை 30 விழுக்காட்டில் நிறுத்திப் பாருங்கள். அல்லது அதில் பாதியை நீக்கி, அந்த அளவுக்குச் சார்பிட்டால் என்ற மற்றொரு நெகிழியாக்கியைச் சேர்க்கலாம். அது ஈரத்தைக் குறைவாகவே இழுக்கும். ஆனால் மிகுந்துவிட்டால் சேமிப்பின்போது படலத்தின் மேல் வெண்துகளாகப் பூக்கும்.

மறுமொழி 2: பாலிமர் சோதனைத் துறையில் இருப்பவர்

அளவு மாறுவதற்கு மட்டும் சொல்கிறேன். படலத்தைச் சோதிக்கும் முன் ஈரப்பதத்தில் பதப்படுத்தினீர்களா? மூடிய டெசிக்கேட்டரின் (காற்றுப்புகாத கண்ணாடிக் கலம்) அடியில் மக்னீசியம் நைட்ரேட்டின் நிறைகரைசலை (இனி உப்பு கரையாத அளவு செறிந்த கரைசல்) வைத்தால், 25 பாகையில் உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 53 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும். பட்டைகளாக வெட்டிய படலங்களை அதில் குறைந்தது 48 மணி நேரம் வைத்து, எடுத்த உடனே இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். கரைசலைத் தட்டுக்குத் தட்டு எடைபோட்டு ஊற்றினால் தடிமன் வேறுபாடே பெரிதும் குறைந்துவிடும். ஈரப்பதத்தைக் குறிப்பிடாமல் தரப்படும் மாவுப் படல இழுவலிமை எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

மறுமொழி 3: கடல்சார் பாலிமர்களில் ஆய்வு செய்பவர்

மேலே இருவரும் கூறியதை ஏற்கிறேன். கைட்டோசான் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதை 1 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கரைத்து மாவுடன் சேர்த்தால் படலம் உறுதிப்படும், நுண்ணுயிர்த் தடுப்பும் ஓரளவு கிடைக்கும். ஆனால் கைட்டோசானும் ஈரத்தை ஈர்க்கும் நீர்விரும்பிதான். ஒட்டும் சிக்கலை அது முழுதாகத் தீர்க்காது. கஞ்சி ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மாவுச் சங்கிலிகள் அறுபட்டு, நீங்கள் தேடிய வலிமையே போய்விடும்.

இத்தகைய படலங்கள் உலர்ந்த நிலையில் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், நீராவியை எளிதில் விட்டுவிடும்; பாலித்தீன் இதற்கு நேர்மாறு. நீராவியைக் குறைக்கத் தேன்மெழுகைப் பால்மமாக்கிக் கலக்கலாம், ஆனால் படலத்தின் தெளிவு குறையும்.

இன்னொன்று. மண்ணில் புதைத்து எடை குறைந்ததைக் காட்டி "மட்கியது" என்று எழுதிவிடாதீர்கள். முதல் சில நாட்களில் குறையும் எடையில் பெரும்பங்கு, ஈர மண்ணில் கரைந்து வெளியேறும் கிளிசராலுடையது. உண்மையான மட்குதலை ஐ.எஸ்.ஓ. 14855 என்ற பன்னாட்டுத் தரச் சோதனை முறை, 58 பாகையிலுள்ள உரத்தில் வெளிவரும் கரியமில வாயுவை அளந்து கணக்கிடுகிறது. உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், கிளிசரால் இல்லாத படலத்தையும் அருகிலேயே புதைத்து ஒப்பிட்டு, "எடை இழப்பு" என்று மட்டும் எழுதுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மண்ணில் புதைத்த சோதனைக்கு "மட்கும் விகிதம்" என்றுதான் தலைப்பிட்டிருந்தேன், இன்றே மாற்றுகிறேன். 20, 30, 40 விழுக்காடு கிளிசரால் படலங்களை 33, 53, 75 விழுக்காடு ஈரப்பதத்தில் தனித்தனியே பதப்படுத்தி, முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இழுத்துப் பார்க்கப்போகிறேன். கைட்டோசானை அதன் பிறகே தொடுவேன். அளவீடுகள் கிடைத்ததும் இதே இழையில் பதிவிடுகிறேன்.